சாயம் புகாத முடிச்சு

எனக்கு மனிதர்களின் முகங்கள் அவ்வளவாகத் தெரியாது. கால்கள்தான் தெரியும். யாராவது எதிரே வந்து நின்றால் என் தலை தானாகக் கவிழ்ந்துவிடும். ஐம்பத்து மூன்று வயதாகியும் அது நிமிர்ந்தபாடில்லை. எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவருக்கு மீசை உண்டா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அவருடைய இடது காலில் சுண்டுவிரல் நகம் இல்லை என்பதைச் சத்தியம் செய்து சொல்வேன். என் மனைவி சரசுவின் கால்களை ஆயிரம் கால்களுக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவேன். வெடித்த குதிகால், இரண்டாவது விரலில், மூன்று வருஷம் முன்புவரை, கல்யாணத்தன்று நான் போட்டுவிட்ட வெள்ளி மெட்டி.

இப்படிக் கால்களையே பார்த்து வாழ்ந்த ஒருவன், பார்க்க வேண்டிய ஒரே ஒரு காலைக் கோட்டை விட்டான். அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் இன்றைக்கும் எங்கள் கொல்லையில் நொண்டிக்கொண்டு திரிகிறார். (அவர் ஒரு சேவல். ஆனாலும் மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும்.)

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்பில் சேர வேண்டுமென்றால் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய் என் பெயரை நானே சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டு வீடு திரும்பியவன், அப்படியே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சின்னாளப்பட்டிப் பக்கம் அது பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் தெரியவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு செய்யலாம், ஒருவரிடமும் பேச வேண்டாம். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

துணியைக் கடுகளவு கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி, இறுக்கி முடிய வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் போட வேண்டும். அப்புறம் சேலை சாயத்தொட்டியில் இறங்கும். முடிச்சுக்குள் சாயம் புகாது. காய்ந்தபின் பிரித்தால் முடிச்சு இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி பூத்திருக்கும். "இவரு போட்ட முடிச்சுக்குள்ள சாயம் என்ன, காத்துகூடப் போகாது" என்று சேலை எடுக்க வந்த வியாபாரி ஒருவர் ஒருமுறை சொன்னார். என்னைப் பற்றி இந்த உலகம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதுவும் கடைசியில் எனக்கே எதிர்சாட்சியாக வந்து நின்றது.

எங்கள் மகள் கவிதாவை ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சம்பந்தி காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தெருக்கோடி வரை கேட்கிற குரல். கல்யாணமாகி ஐந்து வருஷம் கவிதாவுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததுதான் சரசுவைத் தூங்கவிடாமல் அடித்தது. ஒருநாள் வடமதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் கருப்பசாமி கோயிலுக்குப் போய், பேரனோ பேத்தியோ பிறந்தால் ஒரு சேவல் கொடுப்பதாக வேண்டிக்கொண்டு வந்தாள்.

எங்கள் கருப்பசாமிக்குக் கொடுக்கிற சேவலில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. கொண்டை கிழிந்திருக்கக் கூடாது, கண் மங்கியிருக்கக் கூடாது, ஒரு நகம் ஒடிந்திருந்தாலும் பூசாரி திருப்பி அனுப்பிவிடுவார். சரசு எங்கள் கொல்லையில் பொரித்த குஞ்சுகளில் ஒன்றைக் கையில் எடுத்து, காலை விரித்து, முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு காலிலும் விரல்களை எண்ணினாள். அரிசியைப் பொறுக்குவது போல அவ்வளவு பொறுமையாக எண்ணினாள். அன்றிலிருந்து அதை யாரும் சேவல் என்று சொன்னதில்லை. "சாமிக்குத் தீனி வச்சீகளா?" "சாமி சுவரேறிக் குதிச்சிட்டாரு, ஓடிப் பிடிங்க!" இப்படித்தான் பேச்சு. செவலை நிறம், நல்ல மஞ்சள் கால். ஒன்றரை வருஷத்தில் மூன்று கிலோ தேறியிருந்தார். அதற்குள் கவிதாவும் உண்டாகி, வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

என் அழிவு ஒரு நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது. அதுவரை சாமியும் அவருடைய ஆறு பெட்டைகளும் கொய்யா மரத்துத் தாழ்ந்த கிளையில் அடைவார்கள். கீரி வந்துவிடும் என்று பயந்து நான் அவர்களுக்கு ஒரு கூண்டு கட்டினேன். கம்பி வலை, தகரக் கூரை, கீழே வழவழவென்று சிமெண்டுத் தரை. அடைவதற்குப் பழைய தறியிலிருந்து கழற்றிய ஒரு சட்டத்தை என் நெஞ்சு உயரத்தில் குறுக்கே மாட்டினேன். நான்கு பக்கமும் கூரான விளிம்பு. உயரமாக உட்கார்ந்தால் சாமிக்குக் கௌரவம் என்று நினைத்தேன்.

"எதுக்குங்க சிமிட்டி? மண்ணு போதாதா?" என்றாள் சரசு.

"கழுவிவிடத் தோதா இருக்கும்" என்றேன்.

"வீட்டுக்குள்ள மண்ணுத்தரை, கோழிக்குச் சிமிட்டித்தரையா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது அது எனக்குப் பாராட்டாகக் கேட்டது.

தினமும் விடிந்ததும் சாமி அந்த உயரத்திலிருந்து மூன்று கிலோவையும் தூக்கிக்கொண்டு 'தொப்'பென்று சிமெண்டில் குதிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நான் காப்பி குடிப்பேன். என்ன கம்பீரம் என்று பூரித்துப்போவேன். (இப்போது அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தால் காப்பி இறங்குவதில்லை.)

கவிதாவுக்கு வலி கண்டு திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்து பையன் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம். சரசு ஒரு வாரம் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க சாப்டாட்டியும் பரவாயில்ல. சாமியப் பாத்துக்கிடுங்க."

அவள் போன மறுநாளே சாமி நொண்டினார்.

பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வலது உள்ளங்கால் வீங்கி, நடுவில் கால் ஆணி மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. தொட்டால் சுட்டது. இந்த நேரத்தில் வேறொருவன் என்ன செய்வான்? அடுத்த வீட்டில் கேட்பான். அல்லது கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான். இரண்டுக்குமே வாயைத் திறக்க வேண்டும். நான் கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்தேன்.

அரைத்ததை வைத்து, துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டினேன். ஐந்து நிமிஷத்தில் சாமி அதைக் கொத்திப் பிரித்துத் தூர எறிந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி கட்டினேன். மறுபடி பிரித்தார். நாலாவது முறை எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக முடிச்சே தொழிலாக வாழ்கிறவன் ஒரு சேவலிடம் தோற்பதா? உள்ளே போய் என் சுங்குடி நூலை எடுத்து வந்தேன். உள்ளங்காலில் மருந்தை வைத்து, துணியைப் போர்த்தி, அது நழுவாமல் இருக்க வெளிப்பக்க விரலைச் சுற்றி நூலை ஓட்டி, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து, முடிந்தேன்.

அப்படி ஒரு முடிச்சை நான் அதற்கு முன்பும் போட்டதில்லை, பின்பும் போட்டதில்லை. சாமி கொத்திப் பார்த்தார். அசையவில்லை. அலகு வலித்து விட்டுவிட்டார். நான் திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். சாயம் புகாத முடிச்சு. அதற்குள் ரத்தமும் புகாது என்பது, முடிச்சைத் தவிர வேறொன்றும் தெரியாத இந்த மண்டையில் ஏறவே இல்லை.

சரசு போன் செய்வாள். "புள்ள உங்கள மாதிரியே தலையக் கவுந்துக்கிட்டே தூங்குதுங்க. சாமி எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"தீனி எடுக்குறாரா?"

"ம்."

அவர் தீனி எடுத்தது என்னவோ உண்மைதான். ஒற்றைக் காலில் நின்று எடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் அந்த விரல் குளிர்ந்துபோய்க் கருநீலமாகக் கிடந்தது. பதறிப்போய் நூலைப் பிரிக்க உட்கார்ந்தேன். வீக்கத்துக்குள் நூல் புதைந்துவிட்டிருந்தது. நகத்தால் நிமிண்டினேன், ஊசியால் நெம்பினேன். நான் போட்ட முடிச்சு எனக்கே மசியவில்லை. வேறு வழியில்லாமல் சாமியை ஒரு பையில் தலை மட்டும் தெரிய வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை எட்டு மணிக்கெல்லாம் முதல் ஆளாகப் போய்விட்டேன். "அண்ணே, கன்னுக்குட்டி மூச்சு வாங்குது, நான் முன்னாடி போய்க்கிறவா?" என்று ஒருவர் கேட்டார். தலையை ஆட்டினேன். அடுத்து ஒரு ஆடு. அடுத்து ஒரு நாய். அதற்கு வெறும் தடுப்பூசிதான், அதற்கும் தலையை ஆட்டினேன். நான் உள்ளே போனபோது மணி ஒன்றாகிவிட்டது. டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார்.

சின்னப் பெண். (குரலை வைத்துச் சொல்கிறேன். நான் பார்த்தது சிவப்புப் பட்டை வைத்த செருப்பை மட்டும்தான்.) டப்பாவை மூடி வைத்துவிட்டுக் காலைப் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு உயரத்துல அடையுது?"

நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன்.

"கீழ என்ன தரை?"

"சிமிட்டி."

"கம்பு உருண்டையா, சட்டமா?"

"சட்டம்."

"நீங்க மொட்டை மாடியில இருந்து தினமும் வெறுங்காலோட குதிச்சா உங்க கால் என்ன ஆகும்?"

எனக்கு அப்போதே குதித்துவிடலாம் போலத்தான் இருந்தது.

"கனமான சேவல் உயரத்துல இருந்து குதிச்சுக் குதிச்சு உள்ளங்கால்ல அடிபட்டு, அது வழியா கிருமி போய்ச் சீழ் வச்சிருக்கு. கம்பை முழங்காலுக்குக் கீழ இறக்குங்க. விளிம்பை இழைச்சு உருண்டையாக்குங்க. தரையில மணலோ உமியோ கனமாப் பரப்பி, ஈரமாகாமப் பாத்துக்கங்க. இந்தப் புண்ணு ஆறிடும். ஆனா இது என்ன?" என்று விரலுக்கு வந்தார். கத்தரியை உள்ளே நுழைத்து வெட்டினார். நூல் 'பட்'டென்று தெறித்தது. "இது கட்டு இல்லைங்க, தூக்கு. ரத்த ஓட்டமே நின்னுபோச்சு. இந்த விரல் காய்ஞ்சு தானா விழுந்துடும். உயிருக்கு ஒண்ணுமில்ல. யாருங்க இப்படிக் கட்டுனது?"

என் வாழ்க்கையில் நான் பொய் சொன்னதில்லை. பேசினால்தானே பொய் சொல்ல. அன்றைக்குப் பேசினேன்.

"வீட்டுக்காரி" என்றேன்.

"அந்தம்மாவ ஒரு தடவை வரச் சொல்லுங்க. நான் பேசணும்" என்றார் டாக்டரம்மா. களிம்பை வாங்கிக்கொண்டு, சாமியின் கண்ணையும் பார்க்க முடியாமல், வீடு வந்து சேர்ந்தேன்.

அதன்பிறகு இருபத்தேழு நாட்கள். முப்பது நாள் தீட்டுக் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் செய்தேன். சட்டத்தை இறக்கினேன், இழைத்தேன், உமி பரப்பினேன். உள்ளங்கால் புண் அழகாக ஆறிவிட்டது. சாமி ஊன்றி நடந்தார். விரல் மட்டும் சுள்ளி மாதிரிக் காய்ந்து, கறுத்து, காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் எழுந்ததும் பல் விளக்காமல் போய் அது இருக்கிறதா என்று பார்ப்பேன். இன்னும் பத்து நாள் தாங்கு, இன்னும் ஐந்து நாள் தாங்கு என்று ஒரு செத்த விரலிடம் மன்றாடிய மனிதன் இந்தத் திண்டுக்கல் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சரசு குழந்தையோடு வந்தபின் அவளுக்கு மூச்சு விட நேரமில்லை. மகளுக்குப் பத்தியச் சமையல், பிள்ளைக்குக் குளிப்பாட்டு. ஆனாலும் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். நான் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்துச் சாமியை மூடி வைத்தேன்.

"ஏங்க மூடி வச்சிருக்கீக?"

"கண்ணு பட்டுரும்."

அவள் நெகிழ்ந்துபோனாள். வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம், "எங்க வீட்டுக்காரருக்குப் பக்தியே கிடையாதுன்னு நெனச்சேன். இப்ப சாமிய விட்டு அந்தாண்ட இந்தாண்ட நகர மாட்டேங்குறாரு" என்று சொல்லிப் பூரித்தாள். ஒவ்வொரு முறை அவள் அப்படிச் சொல்லும்போதும் எனக்குப் பாடையில் படுத்திருப்பது போல இருக்கும்.

கோயிலுக்குப் போகிற அன்று விடியலில் கடைசி வேலையைச் செய்தேன். மஞ்சள் சாயப்பொடியைக் குழைத்து, அந்தக் கறுத்த விரலுக்கு மூன்று பூச்சுப் பூசினேன். மற்ற விரல்களோடு அச்சாக ஒத்துப்போனது. ஒரு சின்ன உறுத்தல் மட்டும் இருந்தது. சாயம் நிற்க வேண்டுமென்றால் உப்புப் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். சேவல் காலை எப்படிக் கொதிக்க வைப்பது? (அது மத்தியானத்துக்கு மேல் சட்டியில் நடக்க வேண்டிய வேலை.)

வேன் வைத்துப் போனோம். எங்கள் ஆட்களும் சம்பந்தி ஆட்களுமாக இருபது பேர், நாற்பது கால். வேனில் சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, உங்கூர்ச் சேலை ஒண்ணு எங்கம்மிணி பத்து வருசமாக் கட்டுதுங்க. இம்மிகூடச் சாயம் போகலீங்க. அதெப்படிங்க?"

"அது... கொதிக்க வைப்போம்" என்றேன். மடியில் கூடைக்குள் இருந்த சாமி கொக்கரித்தார்.

எங்கள் கருப்பசாமி கோயிலில் ஒரு முறை உண்டு. சேவலைப் பிடித்துக்கொண்டு பூசாரி அதன் தலையிலும் காலிலும் சொம்புத் தண்ணீரை ஊற்றுவார். சேவல் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். இது அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகிற எனக்குத் தெரியாது. நான் எப்போதும் கடைசி வரிசையில் நிற்பவன். எனக்கு முன்னால் நிற்கிறவர்களின் குதிகால்களைத் தவிர அங்கே நான் எதையும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான், பக்தி முற்றிய ஆள் என்பதால், என்னை முதல் வரிசையில் பிடித்துத் தள்ளியிருந்தார்கள்.

தலையில் ஊற்றினார் பூசாரி. சரி என்று இருந்தேன். காலுக்குச் சொம்பைக் கொண்டுபோனார்.

மஞ்சள் ஒழுகியது. பூசாரியின் விரல் இடுக்கில் இறங்கி, முழங்கை வரை ஓடி, அவர் வேட்டியில் சொட்டியது. "என்னடா இது, சேவலுக்குச் சாயம் போகுது!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார். அவர் இதுவரை வாழ்ந்த வாழ்க்கைக்கெல்லாம் சேர்த்து வைத்து ஒரு உதறல் உதறினார். மஞ்சள் பொட்டுகள் பறந்துபோய்ச் சம்பந்தியின் வெள்ளைச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்தன. (நல்ல தரமான சுங்குடிப் புள்ளிகள். பொய் சொல்லக் கூடாது.) அதோடு விட்டிருக்கலாம். என்னவோ சிறியதாகக் காற்றில் எழும்பிச் சுழன்று வந்து விபூதித் தட்டில் 'டொக்'கென்று விழுந்தது.

விரல். இருபத்தேழு நாள் பொறுத்தது, இன்னும் செத்த நேரம் பொறுக்கவில்லை.

நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கால்கள் மட்டும் தெரிந்தன. சம்பந்தியம்மாவின் கால்கள், பெரிய வெள்ளிக் கொலுசு போட்டவை, விறுவிறுவென்று கவிதாவின் கால்களை நோக்கிப் போய் நின்றன. பிள்ளையின் அழுகை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறியது. பேரனை என் மகள் கையிலிருந்து வாங்கிவிட்டார் என்று புரிந்தது. கவிதாவின் கால்விரல்கள் மண்ணுக்குள் மடங்கிக்கொண்டன. அஞ்சு வருஷம் அந்த வீட்டில் அவள் எப்படி நின்றிருப்பாள் என்று அந்த விரல்களைப் பார்த்து அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க, என்ற பேரனுக்கு வேண்டுன சேவலுங்க இது" என்றார் சம்பந்தி. அவர் குரல் அவ்வளவு சன்னமாக நான் கேட்டதே இல்லை. "இதுல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"யாரு கட்டுனது? நூல் தடம் தெரியுது பாரு" என்று பூசாரி காலைத் தூக்கிக் காட்டினார்.

அதே கேள்வி. நான் பேசாமல் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தது. பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பிள்ளையைப் பெற்றவளுக்கு ஆகாது என்பார்கள். அந்தக் கால்விரல்கள் இன்னும் ஆழமாக மண்ணுக்குள் போகும்.

"நான்தான்" என்றேன்.

இருபது பேர் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அது. தப்பான இடத்திலிருந்து தொடங்கிவிட்டேன். முதலில் சிமெண்டுத் தரை என்றேன், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தறிச் சட்டம், அப்புறம் கீரி, அப்புறம் கொய்யா மரம், திரும்பவும் சட்டம். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. பேசிப் பழகியவனுக்குத்தானே நிறுத்தத் தெரியும். வேப்பிலை அரைத்தது, நாலு முறை பிரிந்தது, பல்லால் இழுத்து முடிந்தது, சாயம் பூசியது வரை எல்லாவற்றையும் மண்ணைப் பார்த்தே சொன்னேன். கடைசியில், யாரும் கேட்காமலே, "டாக்டரம்மா கேட்டாங்க. வீட்டுக்காரி கட்டுனான்னு சொல்லிட்டேன்" என்றும் சொல்லிவிட்டேன். அதை மட்டும் விட்டிருக்கலாம். வாய் திறந்தால் மூடத் தெரிய வேண்டாமா?

வெடித்த குதிகால்கள் வந்து என் முன்னால் நின்றன.

"என்னையவா சொன்னீக?" என்றாள் சரசு.

என் பேச்சு அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

"நான் ஆசுபத்திரில புள்ளையத் தாங்கிக்கிட்டு ஒக்காந்திருக்கேன், இங்க டாக்டரம்மாட்ட என்னையவா சொன்னீக? முப்பது வருசமா என்ன கேட்டாலும் ம், ம்னு ரெண்டு எழுத்து. இன்னைக்கு ஒரு சேவலுக்காக இம்புட்டுப் பேசுறீக. எப்பப் பாத்தாலும் காலத்தானே பாப்பீக? என் காலப் பாத்தீகளா? பாருங்க. நல்லாப் பாருங்க!"

பார்த்தேன். முப்பது வருஷமாகத் தினமும் பார்த்த கால். மெட்டி போட்ட விரல் மெட்டிக்கு மேலும் கீழும் வீங்கி, நடுவில் வெள்ளி புதைந்து கிடந்தது. விரல் நுனி லேசாக நீலம் பாரித்திருந்தது. 'மெட்டி இறுக்குதுங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று அவள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடையில் கூட்டமாக இருக்குமே என்று நான் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சாமியின் விரல் மூன்றாம் நாள் எப்படி இருந்ததோ, அதேபோல இருந்தது. என் கண் கலங்கியதில் நாற்பது கால்களும் எண்பது கால்களாகத் தெரிந்தன.

சரசு பூசாரி பக்கம் திரும்பினாள். அவள் குரல் உடைந்துவிட்டது. "அய்யா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

பூசாரி வயதானவர். விரலைத் தட்டிலிருந்து எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, மஞ்சள் கையை வேட்டியில் துடைத்தார். "கொற ஒன் வீட்டுக்காரரு மேலதாம்மா. புள்ள மேல என்ன கொற? புள்ளையக் குடுத்தவரு அதத் திருப்பியா வாங்கப் போறாரு? அடுத்த வருசம் வேற சேவல் கொண்டா." பிறகு சாமியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "கொறையோட வந்தது கருப்பனுக்கு ஆகாது. கருப்பனுக்குன்னு விட்டது மனுசனுக்கும் ஆகாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுக் காப்பாத்து. அதான் ஒனக்குத் தண்டனை."

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "அப்ப... மத்தியானச் சோத்துக்கு என்னங்க பண்றது? மசாலெல்லாம் அரைச்சாச்சுங்களே."

யாரோ சிரித்தார்கள். கவிதாதான். அழுதுகொண்டே சிரித்தாள். சம்பந்தியம்மாவின் கொலுசுக் கால்கள் அவள் பக்கம் போயின. பிள்ளையின் அழுகை பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. சம்பந்தி மண்டியிலிருந்து கொண்டுவந்திருந்த கத்திரிக்காயை எல்லாம் கோழி மசாலாவில் போட்டுக் கொதிக்க வைத்து, இருபது பேரும் அதையே வெஞ்சனமாகத் தொட்டுச் சாப்பிட்டார்கள். நான் சாமியை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன். அவருக்கும் இரண்டு கவளம் வைத்தேன்.

அந்த வாரமே சரசுவைத் திண்டுக்கல்லுக்கு வெள்ளிக் கடைக்குக் கூட்டிப்போனேன். உள்ளே நல்ல கூட்டம். கடைக்காரர் சின்னக் குறட்டால் மெட்டியை வெட்டி எடுத்தார். அது இருந்த இடத்தில் விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம்.

"அடேயப்பா, யாருங்க இம்புட்டு இறுக்கமாப் போட்டது?" என்று கேட்டார் கடைக்காரர்.

சரசு என்னைப் பார்ப்பது தலை கவிழ்ந்திருந்த எனக்கே தெரிந்தது.

"நான்தான்" என்றேன். கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. கருப்பசாமிக்கு மறு வருஷமே வேறு சேவல் கொடுத்துவிட்டோம். அதன் கால் பக்கம் என்னை யாரும் அண்டவிடவில்லை. சாமி இன்னும் இருக்கிறார். தெருவுக்குத் தெரு பிரியாணி மணக்கிற திண்டுக்கல்லில், கத்தியும் தொடாத சட்டியும் தொடாத ஒரே சேவல் அவர்தான். அந்தத் தைரியத்தில் என்னைக் கண்டால் மட்டும் விரட்டிக் கொத்துகிறார். நானும் கொத்து வாங்கிக்கொண்டே வாரம் ஒருமுறை அவரையும் பெட்டைகளையும் பிடித்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, உமியை மாற்றுகிறேன். எங்கள் வீட்டில் சாக்கு மூட்டை கட்டுவதற்குக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை. சொந்தத்தில் கல்யாணம் என்றால், தாலி கட்டுகிற நேரம் பார்த்துச் சம்பந்தி பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏனுங்க சம்பந்தி, நீங்க செத்த தள்ளி நில்லுங்க, முடிச்சுப் போடறாங்க!" என்பார். ("எனக்குப் போட்ட மூணு முடிச்சுந்தான் முப்பது வருசமா மூச்சு விட முடியல" என்று சரசு அதற்கு மேல் ஒன்று போடுவாள்.)

போன மாதம் பேரன் வந்திருந்தான். மூன்று வயது முடிந்துவிட்டது. சாமிக்குப் பின்னாலேயே அவரைப் போலவே நொண்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றுவான். அன்றைக்கு என் மஞ்சள் சாயப்பொடி டப்பாவை முற்றம் முழுக்கக் கவிழ்த்துவிட்டு, கை, கால், மூக்கு எல்லாம் மஞ்சளாக நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"யாருடா கொட்டுனது?" என்று சத்தம் போட்டாள் சரசு.

அவன் தலையைக் கவிழ்த்துத் தன் கால் விரல்களைப் பார்த்தான். அடுத்து அவன் சொன்னதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. சம்பந்தி மேல்தான் எனக்குச் சந்தேகம்.

"வீட்டுக்காரி" என்றான்.